இந்தியாவில் பழைய விமானங்களைப் பறக்கவைக்கும் மரபு: தோற்றமும் வளர்ச்சியும்

பழைய விமானத்தைக் காப்பதற்கு இரு வழிகள் உண்டு. அருங்காட்சியகத்தில் அசையாப் பொருளாக நிறுத்திவைப்பது ஒன்று. பழுது நீக்கி, பறக்கும் தகுதியுடன் தொடர்ந்து இயக்கிவருவது மற்றொன்று. இங்கிலாந்தில் ரிச்சர்ட் ஷட்டில்வொர்த் 1930களில் ஓல்ட் வார்டனில் திரட்டிய விமானங்களும், பிரித்தானிய விமானப்படை 1957இல் அமைத்த நினைவுப் பிரிவும் இரண்டாம் வழிக்கு முன்னோடிகள். இந்தியாவில் இம்மரபு வேறொரு தேவையிலிருந்து பிறந்தது. புதிய விமானங்கள் கிடைப்பதற்கு அரிதாக இருந்த காலத்தில், பழையவற்றைச் செப்பனிட்டுப் பயன்படுத்திய தொழில்திறனே இங்கு அதன் வேர்.

கான்பூர் லிபரேட்டர்கள்

இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கா 18,000க்கும் மேற்பட்ட பி-24 லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்களைக் கட்டியது. போர் முடிந்ததும் அவற்றில் பெரும்பாலானவை அலுமினியத்துக்காக உருக்கப்பட்டன. கான்பூரில் நின்ற லிபரேட்டர்களை, மீண்டும் பயன்படாதபடி சேதப்படுத்திவிட்டே பிரித்தானியப் படையினர் வெளியேறினர். பெங்களூரின் இந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் நிறுவனத்தார் 1948இல் அவற்றை ஆராய்ந்து, பறக்கும் அளவுக்கு ஒட்டுவேலை செய்து, பெங்களூருக்கு ஓட்டிச்சென்று முழுமையாகச் செப்பனிட்டனர். சுமார் 40 விமானங்கள் இவ்வாறு மீண்டன. இந்திய விமானப்படையில் 1968 வரை அவை பணியாற்றின.

இந்த நீண்ட பயன்பாட்டின் விளைவை உலகம் பின்னரே உணர்ந்தது. பிரிட்டன், அமெரிக்கா, கனடா ஆகிய நாடுகளின் அருங்காட்சியகங்களில் இன்று நிற்கும் லிபரேட்டர்களில் சில இந்தியா வழங்கியவை. இந்தியாவிலிருந்து சென்ற மற்றொன்று, அமெரிக்காவின் காலிங்ஸ் அறக்கட்டளையால் செப்பனிடப்பட்டு 1989இல் மீண்டும் பறந்தது. இந்திய விமானத்தளங்களில் கிடந்த ஸ்பிட்ஃபயர் போர் விமானங்களையும் 1970களில் பிரித்தானிய ஆர்வலர்கள் வாங்கிச்சென்றனர்.

நினைவுப் பறப்பு

1932 அக்டோபர் 15 அன்று தொழிலதிபரும் விமானியுமான ஜே.ஆர்.டி. டாட்டா, புஸ் மாத் விமானத்தில் கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாகப் பம்பாய்க்கு அஞ்சல் கொண்டுவந்தார். அங்கிருந்து அவருடைய சக விமானி நெவில் வின்சென்ட் அதைப் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுசேர்த்தார். அப்பயணத்தின் 30ஆம் ஆண்டான 1962இலும், 50ஆம் ஆண்டான 1982இலும் கராச்சி–பம்பாய்த் தடத்தில் டாட்டா மீண்டும் பறந்தார். இரு முறையும் அவர் ஓட்டியது லெப்பர்ட் மாத் என்னும் பழைய விமானம். 1982இல் அவருக்கு வயது 78. கடந்த காலத்தைப் பறந்தே நினைவுகூரலாம் என்பதை இந்திய மக்களுக்குக் காட்டிய நிகழ்வுகள் இவை.

விமானப்படையின் பழம்விமானப் பிரிவு

விமானப்படை அருங்காட்சியகம் 1967இல் டெல்லியின் பாலம் விமானத்தளத்தில் அமைந்தது. பழைய விமானங்களைப் பறக்கவைப்பதற்கான தனிப் பிரிவு 1988இல் உருவானது. காலப்போக்கில் தளர்ந்த இம்முயற்சி, 2012 விமானப்படை நாளில் டைகர் மாத் பறந்தபோது புத்துயிர் பெற்றது. துணி போர்த்திய இறக்கைகளும் 130 குதிரைத்திறன் இயந்திரமும் கொண்ட இவ்விமானம், பல தலைமுறை விமானிகளுக்கு முதல் வகுப்பறையாக இருந்தது. பின்னர் ஹார்வர்ட் பயிற்சி விமானம் சேர்ந்தது.

மூன்றாவதாக வந்தது டகோட்டா போக்குவரத்து விமானம். காஷ்மீரைக் காக்க 1947 அக்டோபர் 27 அன்று சீக்கியப் படைப்பிரிவின் முதல் பட்டாலியன் வீரர்களை ஸ்ரீநகரில் இறக்கியவை டகோட்டாக்களே. கழிவாகக் கிடந்த ஒரு டகோட்டாவை அப்போதைய மாநிலங்களவை உறுப்பினர் ராஜீவ் சந்திரசேகர் வாங்கி, டகோட்டா விமானியாக இருந்த தம் தந்தையின் நினைவாக விமானப்படைக்கு அளித்தார். இங்கிலாந்தின் கவென்ட்ரியில் செப்பனிடப்பட்ட அது, 2018 ஏப்ரலில் பல நாடுகளில் இறங்கி எரிபொருள் நிரப்பியபடி இந்தியா வந்தது. மே 4 அன்று ஹிண்டன் தளத்தில் படையில் சேர்ந்தது. 'பரசுராமர்' என்ற பெயரும், ஸ்ரீநகர் சென்ற விமானத்தின் வி.பி. 905 என்ற எண்ணும் அதற்குச் சூட்டப்பட்டன.

முடிவுரை

1948இல் சிதைந்த லிபரேட்டர்களை உள்நாட்டிலேயே மீட்ட நாடு, டைகர் மாத்தையும் டகோட்டாவையும் செப்பனிட இங்கிலாந்து நிறுவனத்தை நாடியது. பிஸ்டன் இயந்திரம், மரச்சட்டம், துணிப்போர்வை ஆகியவற்றைக் கையாளும் கைத்திறன் தலைமுறைகளுக்கு இடையே நலிந்ததையே இது காட்டுகிறது. விமானத்தைக் காப்பதென்பது அதைச் செப்பனிடும் கைகளையும் காப்பதாகும். விமானப் பொறியியல் கல்விக்கூடங்கள் இத்திறனைப் பாடமாக்கினால்தான் இம்மரபு இந்திய மண்ணில் நிலைபெறும்.