காலநிலை மாற்றமும் உங்கள் சிகிச்சையும்: நோயாளிகளும் பராமரிப்போரும் அறிய வேண்டிய அடிப்படைகள்

இப்பக்கம் நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், இதய நோய், சிறுநீரக நோய், மனநலக் குறைபாடு ஆகியவற்றுக்குத் தொடர்ந்து மருந்து உட்கொள்வோருக்காகவும், முதியோரையும் படுக்கையில் இருப்போரையும் வீட்டில் பராமரிப்போருக்காகவும் எழுதப்பட்டது. காலநிலை மாற்றம் என்றதும் உருகும் பனிமலைகள் நினைவுக்கு வரலாம். நோயுற்ற ஒருவருக்கு அது பெரும்பாலும் இறங்காத இரவு வெப்பமாகவும், வியர்வை உலராத புழுக்கமாகவும் வந்து சேர்கிறது. அதன் அடிப்படை அறிவியலைத் தெரிந்துகொண்டால், கோடைக்காலத்தில் எந்த மருந்தைப் பற்றி, எப்போது, யாரிடம் கேட்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெளிவாகும்.

வானிலையும் காலநிலையும்

இன்று மதியம் எத்தனை டிகிரி, நாளை மழை உண்டா என்பது வானிலை. ஓர் இடத்தின் வானிலையைப் பல ஆண்டுகள், வழக்கமாக 30 ஆண்டுகள், தொடர்ந்து பதிவு செய்து பெறும் சராசரிப் போக்கே காலநிலை. ஆகவே ஒரு மே மாதம் குளிர்ச்சியாகக் கழிந்ததால் புவி வெப்பமடையவில்லை என்றோ, ஒரு நாள் வெயில் கொளுத்தியதால் எல்லாம் காலநிலை மாற்றமே என்றோ கூறிவிட முடியாது. சென்னையில் 2003 மே 31 அன்று வெப்பநிலை 45 டிகிரி செல்சியஸைத் தொட்டது. அது ஒரு நாளின் வானிலை. அத்தகைய நாள்கள் அடிக்கடி வருவதும், நீண்டு நிற்பதும் காலநிலை தொடர்பானவை.

பூமி ஏன் சூடாகிறது?

சூரிய ஒளி காற்று மண்டலத்தைக் கடந்து வந்து நிலத்தையும் கடலையும் சூடாக்குகிறது. சூடான நிலம் அந்த வெப்பத்தைக் கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்புக் கதிர்களாகத் திருப்பி அனுப்புகிறது. காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு, மீத்தேன், நீராவி போன்ற வாயுக்கள் அதில் ஒரு பகுதியை உள்வாங்கித் தடுத்து நிறுத்துகின்றன. இவற்றைப் பசுமை இல்ல வாயுக்கள் என்கிறோம். இவை அறவே இல்லையெனில் பூமி உறைந்து கிடக்கும். இவை அளவுக்கு மிஞ்சுவதே சிக்கல். இது அண்மைக்காலக் கருத்தன்று. இவ்வாயுக்கள் வெப்பத்தை உள்வாங்குவதை ஜான் டிண்டால் 1859ஆம் ஆண்டிலேயே ஆய்வகத்தில் அளந்து காட்டினார்.

தொழிற்புரட்சிக்கு முன் காற்றின் பத்து இலட்சம் மூலக்கூறுகளில் ஏறக்குறைய 280 கார்பன் டை ஆக்சைடாக இருந்தன. இன்று அந்த எண்ணிக்கை 420ஐக் கடந்துவிட்டது. நிலக்கரி, பெட்ரோல், டீசல், எரிவாயு ஆகியவற்றை எரிப்பதும் காடுகளை அழிப்பதும் முதன்மைக் காரணங்கள். இதன் விளைவாக 2011 முதல் 2020 வரையிலான பத்தாண்டில் புவிப்பரப்பின் சராசரி வெப்பநிலை, 1850–1900 காலத்தைவிட ஏறக்குறைய 1.1 டிகிரி உயர்ந்திருந்தது.

"ஓசோனில் ஓட்டை விழுந்ததால்தான் இத்தனை வெயில்" என்று பலரும் சொல்வதுண்டு. அது வேறு சிக்கல். ஓசோன் படலம் புற ஊதாக் கதிர்களைத் தடுப்பது. அதன் பெரும் சிதைவு அண்டார்க்டிகாவுக்கு மேலே ஏற்பட்டது. 1987ஆம் ஆண்டின் மாண்ட்ரியல் உடன்படிக்கைக்குப் பின் அது மெல்ல மீண்டுவருகிறது.

ஒரு டிகிரி உயர்வு ஏன் பொருட்டாகிறது?

"ஒரு டிகிரிதானே" என்று தோன்றுவது இயல்பு. உங்கள் உடல் வெப்பத்தை எவ்வாறு வெளியேற்றுகிறது என்று பார்த்தால் விடை கிடைக்கும். சும்மா அமர்ந்திருக்கும்போதும் உடல் ஏறக்குறைய ஒரு 100 வாட் குண்டு பல்பின் அளவுக்கு வெப்பத்தை உண்டாக்குகிறது. அதை வெளியேற்ற இதயம் தோலுக்குக் கூடுதல் இரத்தத்தை அனுப்புகிறது. வியர்வை ஆவியாகித் தோலைக் குளிர்விக்கிறது. சுற்றியுள்ள காற்று உடலைவிடச் சூடாகிவிட்டால் வியர்வை ஒன்றே வழி. அந்த வியர்வையும் சொட்டினால் பயனில்லை, உலர வேண்டும்.

காற்று ஒரு டிகிரி சூடானால் ஏறக்குறைய 7 விழுக்காடு கூடுதலாக நீராவியைத் தாங்கும். கடலோரத்தில் வாழ்வோர் இதைக் கவனிக்க வேண்டும். ஈரம் குறைந்த வேலூரின் 40 டிகிரியைவிட, ஈரம் மிகுந்த கடலூரின் 36 டிகிரி உடலுக்குக் கடினமாக இருக்கக்கூடும். இந்திய வானிலை ஆய்வுத் துறை வெப்ப அலை அறிவிப்புக்குச் சமவெளிக்கு 40 டிகிரியையும் கடலோரத்துக்கு 37 டிகிரியையும் தொடக்க வரம்பாகக் கொண்டு, இயல்பைவிட எவ்வளவு மிகுந்துள்ளது என்பதையும் சேர்த்துப் பார்க்கிறது. எனவே தொலைக்காட்சியில் சொல்லப்படும் டிகிரியை மட்டும் பார்க்காமல், ஈரப்பதத்தையும் இரவின் குறைந்தபட்ச வெப்பநிலையையும் பாருங்கள்.

நம் வீடுகளில் பெரிதும் கவனிக்கப்படாதது இரவு வெப்பமே. கான்கிரீட் கூரையும் தார்ச்சாலையும் பகலில் உறிஞ்சிய வெப்பத்தை இரவில் வெளியிடுகின்றன. பகல் முழுவதும் கூடுதலாக உழைத்த இதயத்துக்கு இரவுக் குளிர்ச்சியே ஓய்வு. அது கிடைக்காமல் நான்கைந்து நாள்கள் தொடர்ந்தால், முதல் நாள் தாங்கியவர் ஐந்தாம் நாள் தாங்காமல் போகலாம். அகமதாபாத்தில் 2010 மே மாத வெப்ப அலையின்போது வழக்கத்தைவிட 1,300க்கும் மேற்பட்ட கூடுதல் இறப்புகள் நேர்ந்ததாகப் பின்னர் கணக்கிடப்பட்டது. அந்நகரம் 2013ஆம் ஆண்டில் வெப்பச் செயல் திட்டம் வகுத்தது அதன் பின்னரே. வெப்பம் பெரும்பாலும் தன் பெயரில் உயிரைப் பறிப்பதில்லை. ஏற்கெனவே உள்ள இதய நோய், சிறுநீரக நோய் ஆகியவற்றின் வழியாகவே வருகிறது.

உங்கள் மருந்துகளும் வெப்பமும்

முதலில் ஒன்றை உறுதியாகக் கூறுகிறோம்: கீழே படிப்பதை வைத்து எந்த மருந்தையும் நீங்களாக நிறுத்தவோ குறைக்கவோ வேண்டாம். திடீரென நிறுத்துவது வெப்பத்தைவிட ஆபத்தானதாகலாம். கத்திரி வெயில் தொடங்கும் முன்பே, பங்குனி மாதத்திலேயே, மருந்துச் சீட்டுடன் மருத்துவரைப் பாருங்கள்.

இதயச் செயலிழப்புக்கும் இரத்த அழுத்தத்துக்கும் தரப்படும், சிறுநீரை மிகுதியாகப் பிரியச் செய்யும் மாத்திரைகள் உடலின் நீரையும் உப்பையும் வெளியேற்றுகின்றன. வியர்வையும் அதையே செய்வதால் இரண்டும் சேர்ந்து தலைசுற்றலையும் தசைப்பிடிப்பையும் உண்டாக்கலாம். கோடையில் இரத்த அழுத்தம் இயல்பாகவே சற்றுக் குறையும். எழுந்து நிற்கும்போது கண் இருண்டால் மாத்திரையின் அளவை மறுபரிசீலனை செய்ய வேண்டியிருக்கலாம். அட்டினலால், மெட்டோபிரலால் போன்றவை இதயத் துடிப்பைக் கட்டுப்படுத்துவதால், தோலுக்கு இரத்தம் அனுப்பும் ஆற்றலும் குறைகிறது. மனநலச் சிகிச்சையில் தரப்படும் சில மருந்துகளும், அவற்றுடன் நடுக்கத்துக்காகச் சேர்த்துத் தரப்படும் ட்ரைஹெக்ஸிஃபெனிடிலும் வியர்வையையே குறைக்கின்றன. இம்மருந்துகளை உட்கொள்பவர் தமக்குச் சூடாக இருப்பதை எடுத்துச் சொல்லாமலும் இருக்கலாம். பராமரிப்பவரே தொட்டுப் பார்க்க வேண்டும். லித்தியம் உட்கொள்பவருக்கு உடலில் நீர் வற்றினால் இரத்தத்தில் மருந்தின் அளவு ஏறும். கை நடுக்கம், வாந்தி, தள்ளாட்டம் கண்டால் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மூட்டுவலிக்கு மருந்துக்கடையில் தாமாகவே வாங்கும் டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் ஆகியவை நீர் வற்றிய உடலில் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும்.

இன்சுலின் பற்றித் தனியே சொல்ல வேண்டும். திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரியில், குளிர்சாதனப் பெட்டியின் உறைபனிப் பகுதியைத் தவிர்த்து வையுங்கள். பயன்பாட்டில் உள்ளதை அறை வெப்பநிலையில் வைக்கலாம் என்று உறையில் அச்சிட்டிருந்தாலும், அந்த 'அறை' பெரும்பாலும் 25 அல்லது 30 டிகிரிக்கு மேற்படாதது. மே மாதத்தில் நம் வீட்டு அறை அப்படி இருப்பதில்லை. குளிர்சாதனப் பெட்டி இல்லாதோர், மருந்துக் குப்பியை நீர் புகாத டப்பாவில் இட்டு, நீர் நிறைந்த மண்பானைக்குள் நிழலில் வைக்கலாம். பானை மேற்பரப்பில் நீர் ஆவியாவதால் உள்ளே குளிர்ச்சி நிலவும். இருசக்கர வாகனப் பெட்டியிலோ நிறுத்திய காரிலோ ஒருபோதும் வைக்க வேண்டாம். கெட்டுப்போன இன்சுலின் பார்வைக்குத் தெளிவாகவே இருக்கலாம். காரணமின்றிச் சர்க்கரை ஏறினால் மருந்தையும் ஐயுறுங்கள்.

இன்னொரு குழப்பமும் உண்டு. வெப்பத்தில் இன்சுலின் விரைவாக உடலில் கலப்பதால் சர்க்கரை தாழ்ந்துவிடலாம். வியர்வை, படபடப்பு, சோர்வு ஆகியவை தாழ்சர்க்கரைக்கும் அறிகுறிகள், வெயிலுக்கும் அறிகுறிகள். "வெயில்தான்" என்று விட்டுவிடாமல் குளுக்கோமீட்டரில் பாருங்கள். கருவி இல்லையெனில், விழுங்கும் நிலையில் உள்ளவருக்குச் சர்க்கரை கரைத்த நீரைக் கொடுங்கள்.

"நிறையத் தண்ணீர் குடியுங்கள்" என்பது எல்லோருக்கும் பொருந்தாது

பெரும்பாலோருக்கு இது நல்ல அறிவுரையே. முதுமையில் தாக உணர்வு மங்குவதால், அவர்கள் கேட்கும்வரை காத்திராமல் மணிக்கு ஒரு முறை சிறிது கொடுங்கள். சிறுநீர் அடர் மஞ்சளாக இருந்தால் நீர் போதவில்லை. ஆனால் டயாலிசிஸ் செய்துகொள்பவருக்கும் இதயச் செயலிழப்பு உள்ளவருக்கும் மருத்துவர் வரையறுத்த நீரளவு கோடையிலும் பொருந்தும். அதைக் கூட்டலாமா என்பதை அவரே முடிவு செய்ய வேண்டும். இளநீரில் பொட்டாசியம் மிகுதி. சிறுநீரகம் பழுதடைந்தவருக்கு அது இதயத் துடிப்பையே குலைக்கக்கூடும். அன்போடு வெட்டிக் கொடுக்கும் இளநீர்தான் என்றாலும் மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம். மோரில் உப்பு அள்ளிப் போடுவது இரத்த அழுத்த நோயாளிக்கு ஆகாது. ஓ.ஆர்.எஸ். பொட்டலம் முழுவதையும், உறையில் குறித்த அளவு நீரில் மட்டுமே கரைக்க வேண்டும். பெரும்பாலான பொட்டலங்களுக்கு அது ஒரு லிட்டர். டம்ளரில் பாதிப் பொட்டலம் கரைப்பது தவறு.

வீட்டிற்குள்

படுக்கையில் இருப்பவரை மொட்டை மாடிக்கு நேர் கீழேயோ ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழோ படுக்க வைத்திருந்தால், கோடையில் கீழ்த்தளத்துக்கு மாற்ற முடியுமா என்று பாருங்கள். கூரையில் வெள்ளைச் சுண்ணாம்பு அடிப்பது வெப்பத்தைக் குறைக்கும். பகலில் வெயில் படும் சன்னலை மூடி, வெளிக்காற்று குளிர்ந்த பின் திறவுங்கள். காற்று 40 டிகிரிக்கு மேல் சூடான நேரத்தில் மின்விசிறியை மட்டும் நம்ப வேண்டாம். அது சூடான காற்றையே உடல்மேல் வீசும். கை கால்களை ஈரத் துணியால் துடைத்து விசிறுவதே பயன் தரும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டிற்கு வரும் பணியாளரிடம், வெப்பநாள்களில் இரத்த அழுத்தத்தைப் பார்க்குமாறு கேளுங்கள்.

எப்போது 108?

உடல் தீயாய்ச் சுடுதல், உளறல், ஆளை அடையாளம் தெரியாமை, வலிப்பு, மயக்கம் ஆகியவற்றில் எது கண்டாலும் அது 'ஹீட் ஸ்ட்ரோக்' எனப்படும் வெப்பவாதமாக இருக்கலாம். வியர்வை நின்றிருக்க வேண்டும் என்பதில்லை. 108ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை காத்திராமல் குளிர்விக்கத் தொடங்குங்கள். நிழலுக்குக் கொண்டுசென்று, ஆடைகளைத் தளர்த்தி, உடல் முழுவதும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். பனிக்கட்டி இருந்தால் துணியில் சுற்றிக் கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் வையுங்கள். நினைவு தெளிவாக இல்லாதவருக்கு வாயில் எதையும் ஊற்றக் கூடாது. பாராசிட்டமால் இவ்வெப்பத்தைத் தணிக்காது, கொடுக்க வேண்டாம். அவர் உட்கொள்ளும் எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் இட்டு, ஆம்புலன்ஸ் பணியாளரிடம் கொடுத்தனுப்புங்கள்.