கேட்டால் திரும்பும் நினைவகம்

பினாங்கில் வட்டித்தொழில் நடத்திய நகரத்தார், தண்ணீர்மலைப் பகுதியில் 1857ஆம் ஆண்டிலேயே கோயில் எழுப்பியவர்கள். அவர்தம் பேரேட்டில் நடப்பு, தவணை என இருவகைக் கணக்குகள் உண்டு. நடப்பு, கேட்டபோது திரும்பவேண்டிய பணம். தவணை, குறித்த நாள்வரை கட்டுண்ட பணம். இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதிய கடை நெருக்கடியில் நிலைத்திருக்க இயலாது. இப்பழம் நுட்பமே இன்று கணினியின் கருவகத்துள்ளும் நிலவுகின்றது.

1969ஆம் ஆண்டில் கட்டற்ற துறைமுகம் என்னும் தகுதியைப் பினாங்கு இழந்தது, வேலையின்மை வாட்டியது. முதலமைச்சர் டாக்டர் லிம் சோங் யூவின் அரசு தொழில்மயத்தை நாடியது. 1972ஆம் ஆண்டில் இன்டெல் நிறுவனம், அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் ஆலையைப் பாயான் லெப்பாசில் நிறுவியது. அந்நாளில் அந்நிறுவனத்தின் முதன்மைப் பொருள் நினைவகச் சில்லுகளே. 1970ஆம் ஆண்டில் அது வெளியிட்ட 1103 என்னும் சில்லு 1024 பிட்டுகளை மட்டுமே தாங்கியது. இன்று நினைவகம் கோடிக்கணக்கான மடங்கு பெருகியுள்ளது. எனினும், பற்றாக்குறை தீர்ந்ததா? இல்லை, இடம் பெருகப் பெருகத் தேவையும் பெருகிற்று.

ஆகவே பங்கீட்டுக் கலை வளர்ந்தது. 1962ஆம் ஆண்டில் மான்செஸ்டரில் இயங்கத் தொடங்கிய அட்லஸ் கணினி, நினைவகத்தைப் பக்கங்களாகப் பிரித்து, வேண்டாதவற்றை உருளைச் சேமிப்பிற்கு அனுப்பியது. பெரும்பகுதியை இரண்டிரண்டாகப் பிளந்து வழங்கி, திரும்பியபின் இணையோடு மீண்டும் சேர்க்கும் முறையை நோல்டன் 1965ஆம் ஆண்டில் விளக்கினார். ஆயினும் கருவகத்திற்கு வேண்டியவை பெரும்பாலும் சிறுபொருள்கள். அவற்றுள் ஒவ்வொன்றிற்கும் ஒரு முழுப்பக்கம் தருவது வீண். சன் நிறுவனத்தின் ஜெஃப் பான்விக், 1994ஆம் ஆண்டில் ஓரினப் பொருள்களை ஒரே பலகையில் அடுக்கும் முறையை வகுத்தார். பின்னர் லினக்ஸ் கருவகமும் அதனை ஏற்றது.

இப்பலகைகள் இருவகைப்படும். கோப்புகளின் பெயர்களையும் விவரங்களையும் விரைவுக்காக வைத்திருப்பவை மீட்கத்தக்கவை. அவற்றைக் கைவிட்டாலும் வட்டிலிருந்து மறுபடியும் படித்துக்கொள்ளலாம். இயங்கும் நிரல்களைப் பற்றிய பதிவுகளோ, அந்நிரல்கள் முடியும்வரை மீட்க இயலாதவை. நெருக்கடி வரும்போது, கருவகம் முதல்வகையைச் சுருக்கி இடம் பெறுகின்றது. அதுவும் போதாவிடில், ஓடிக்கொண்டிருக்கும் நிரல் ஒன்றைத் தானே முடித்துவிடும். அதன் விலை, பயனர் சேமிக்காத உழைப்பு.

இங்கு ஓர் இடர் உண்டு. ஒரு பலகையில் பயன்பாட்டிலுள்ள பொருள் ஒன்றே ஒன்று எஞ்சினாலும் அப்பலகை முழுவதும் திரும்பாது. ஒரு கடன்காரரின் பெட்டிக்காகக் கிட்டங்கி முழுவதையும் பூட்டிவைப்பது போன்றது இது. இருவகைப் பொருள்களும் கலந்து சிதறினால், பெரிய தொடர்பகுதி கிடைப்பதும் அரிதாகும். இதனைத் தவிர்க்க, மெல் கோர்மன் உருவாக்கிய முறை 2008ஆம் ஆண்டு வெளிவந்த லினக்ஸ் பதிப்பில் இடம்பெற்றது. நகர்த்தத்தக்கவை, மீட்கத்தக்கவை, அசைக்க இயலாதவை எனப் பக்கங்களை அது தனித்தனியே தொகுக்கின்றது.

2014 முதல் லினக்ஸ், புதிய நிரலுக்குக் கிடைக்கக்கூடிய நினைவகத்தை மதிப்பிட்டுக் காட்டுகின்றது. மீட்கத்தக்கது எனக் குறித்த அனைத்தையும் அது கையிருப்பாகக் கொள்வதில்லை. ஒரு பகுதியைக் கழித்தே எண்ணுகின்றது. வரவேண்டிய கடன் எல்லாம் வந்தே தீரும் என்று எண்ணாத கணக்கரின் விவேகம் அது.

1985ஆம் ஆண்டில் இன்டெல் அவ்வகை நினைவகச் சில்லுத் தொழிலையே கைவிட்டது. ஆனால் பினாங்கு ஆலை நிலைத்தது; வேறு பொருள்களுக்குத் தன் இடத்தை ஈந்தது. பிடித்துவைப்பதால் மட்டும் வளம் பெருகுவதில்லை. எது திரும்பும், எது திரும்பாது என்பதை நேர்மையாகப் பிரித்தெழுதும் கணக்கே பேரேட்டையும் கருவகத்தையும் காக்கின்றது.