மரபணுவைப் படித்தால் போதுமா? சூரிச் ஆய்வு மையம் சொல்லித்தரும் பாடம்

குழந்தைக்கு எடுத்த மரபணுப் பரிசோதனையின் அறிக்கையில், 'ஒரு மாற்றம் உள்ளது. அதன் விளைவு உறுதியாகத் தெரியவில்லை' என்று எழுதியிருப்பதைப் பார்த்துக் குழம்பும் பெற்றோர் நம்மிடையே உண்டு. பரிசோதனை செய்த பிறகும் ஏன் தெரியவில்லை? எழுத்துகளைப் படிப்பது வேறு, அவற்றின் பொருளை அறிவது வேறு என்பதுதான் காரணம்.

மனித மரபணுத் தொகுதியைப் படிக்கும் பன்னாட்டுத் திட்டம் 1990இல் தொடங்கி 2003இல் நிறைவடைந்தது. சுமார் 300 கோடி எழுத்துகள். அவற்றுள் புரதங்களை உருவாக்கும் மரபணுக்கள் சுமார் 20,000. கல்லீரல் செல்லிலும் நரம்புச் செல்லிலும் இருப்பது ஒரே தொகுதிதான். ஆனால் எந்த மரபணு எங்கே, எப்போது, எவ்வளவு வேலை செய்கிறது என்பது இடத்துக்கு இடம் மாறும். இதை ஆராயும் துறையே 'ஃபங்ஷனல் ஜீனோமிக்ஸ்', அதாவது மரபணுக்களின் செயல்பாட்டைப் பற்றிய அறிவியல்.

ஒரே கூரையின்கீழ்

சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் இதற்கென ஒரு மையம் இயங்குகிறது. சூரிச் பல்கலைக்கழகமும் ஈ.டி.எச். தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் இணைந்து நடத்தும் இம்மையம் 2002 முதல் செயல்படுகிறது. டி.என்.ஏ., ஆர்.என்.ஏ. வரிசைகளைப் படிக்கும் கருவிகளும், புரதங்களை எடைபோட்டு இனங்காணும் 'மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர்' கருவிகளும் இங்குள்ளன. இவை விலையுயர்ந்தவை. ஒவ்வொரு துறையும் தனித்தனியே வாங்காமல், பொதுவில் வைத்துப் பயன்படுத்துகின்றனர்.

கருவியைவிட முக்கியமானது பயிற்சி. மாதிரியை எப்படி எடுப்பது, எத்தனை மாதிரிகள் வேண்டும், கிடைக்கும் தரவுகளைக் கணினியில் எப்படி அலசுவது என்பதையெல்லாம் இளம் ஆய்வாளர்களுக்கு நிபுணர்கள் கற்றுத்தருகின்றனர். திட்டமிடாமல் செய்த சோதனையை எந்தக் கருவியாலும் காப்பாற்ற முடியாது.

ஆய்வு மருந்தான கதை

இத்துறையின் பலனுக்கு அமெரிக்காவிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு. கருவில் இருக்கும்போது நம் இரத்தத்தில் ஒருவகை ஹீமோகுளோபின் உண்டு. பிறந்த சில மாதங்களில் அது பெரும்பாலும் நின்றுவிடும். அதை நிறுத்திவைப்பதில் 'பி.சி.எல்.11ஏ' என்ற மரபணுவுக்கு முக்கியப் பங்கு உண்டு என்பதை பாஸ்டன் ஆய்வாளர்கள் 2008இல் வெளியிட்டனர். இரத்த அணுக்களில் அந்த மரபணுவை முடுக்கிவிடும் சிறு பகுதியையும் பின்னர் கண்டறிந்தனர். அப்பகுதியை 'கிரிஸ்பர்' முறையில் செயலிழக்கச் செய்தால், கருக்கால ஹீமோகுளோபின் மீண்டும் சுரக்கும். சிக்கிள் செல் சோகைக்கும் பீட்டா தலசீமியாவுக்குமான இச்சிகிச்சைக்கு 2023 நவம்பரில் பிரிட்டன் முதன்முதலாக அனுமதி அளித்தது. அமெரிக்காவில் இதன் விலை சுமார் 22 இலட்சம் டாலர்!

நாம் கவனிக்க வேண்டியவை

அவ்வளவு விலை கொடுத்துத் தீர்க்க வேண்டிய நோயை, முன்கூட்டியே ஓர் எளிய இரத்தப் பரிசோதனையால் அறியலாம். பீட்டா தலசீமியா மரபணுவைச் சுமப்பவர் பொதுவாக ஆரோக்கியமாகவே இருப்பார். ஆனால் கணவன், மனைவி இருவருமே சுமப்பவர்களாக இருந்தால், ஒவ்வொரு கருத்தரிப்பிலும் குழந்தைக்குக் கடும் நோய் வரும் வாய்ப்பு 25 விழுக்காடு. மாமன் மகள், அத்தை மகன் என நெருங்கிய உறவில் மணமுடிக்கும் குடும்பங்களில் இருவரும் ஒரே மரபணு மாற்றத்தைச் சுமக்கும் வாய்ப்பு கூடுதல். ஆகவே நிச்சயதார்த்தத்துக்கு முன்பே இப்பரிசோதனையைச் செய்துகொள்வது நல்லது. இது யாரையும் குறைசொல்வதற்கல்ல, பிறக்கப்போகும் பிள்ளையின் நலனுக்காக.

அடுத்தது, நம் பிள்ளைகளின் படிப்பு. உயிரியல் என்றாலே மருத்துவம் மட்டுமே என்று எண்ண வேண்டாம். உயிரியலோடு புள்ளியியலும் கணினி நிரலாக்கமும் அறிந்தவர்களுக்கு இத்துறையில் தேவை இருக்கிறது. 'நீட்' மதிப்பெண் குறைந்தால் வழி அடைபட்டதாக மகனோ மகளோ சோர்ந்திருந்தால், இந்த வாசலையும் அவர்களுக்குக் காட்டுவோம். விளைவு தெரியவில்லை என்ற அந்த வரிக்கு விடை தேடுபவர்களுள் நம் பிள்ளைகளும் இருக்கட்டும்.