பாண்டவர் ஐவரும் பறிகொடுத்த ஊரும்

கொல்கத்தா நகரில் நெடுநாள் வாழ்ந்தும் கால்பந்தைப் பற்றி ஒன்றுமே அறியாதிருக்கும் தமிழர் ஒருவரை நாம் இன்னும் கண்டதில்லை. விளையாட்டில் நாட்டமில்லாதாரும் மீன் அங்காடி வழியாகவேனும் அதனைக் கற்றுக்கொள்கின்றனர். ஈஸ்ட் பெங்கால் அணி வென்ற நாளில் 'இலிஷ்' எனப்படும் உல்ல மீனின் விலை ஏறும் என்பதும், மோகன் பகான் வென்ற நாளில் இறாலின் விலை ஏறும் என்பதும் இந்நகரத்தார் வழிவழியாகச் சொல்லிவரும் கூற்று. நம்மிற் பலர் மீனையே தொடாதவர். ஆயினும் அண்டை வீட்டு அடுக்களையிலிருந்து வரும் கடுகெண்ணெய் மணத்தைக் கொண்டே முந்தைய மாலையின் ஆட்ட முடிவை உணர்ந்து கொள்ளும் ஆற்றல் நமக்கும் வாய்த்துவிட்டது.

அம்மணத்தோடு ஒட்டி வருவது மற்றொன்று, அது பெருமூச்சு. தேநீர்க் கடையின் மரப்பலகையில் அமர்ந்திருக்கும் முதியவரிடம் நேற்றைய ஆட்டத்தைப் பற்றிக் கேளுங்கள். அவர் நேற்றைய ஆட்டத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லமாட்டார். அந்த நாள் ஆட்டம் இனி ஏது என்று தொடங்கிவிடுவார். அக்காலத்தில் மண்ணின் மைந்தர் ஆடினர், காசுக்காக ஆடவில்லை, கொடியின் மானத்திற்காக ஆடினர் என்பது அவர்தம் வாதம். புறத்திணையில் கையறுநிலை என்றொரு துறை உண்டு. தலைவனை இழந்தார் ஆற்றாமையாற் புலம்புவது அது. இங்கே இறந்துபட்டார் எவருமில்லை. சங்கம் இருக்கின்றது, கொடி பறக்கின்றது, ஆட்டமும் நடைபெறுகின்றது. ஆயினும் புலம்பல் மட்டும் ஓயவில்லை. அம்முதியவர் சொல்லும் 'அந்த நாள்' எந்த நாள், அதில் ஆடியவர் யாவர் என்பதை ஈண்டுச் சற்றே ஆராய விழைகின்றோம். தென்னாட்டாராகிய நமக்கு அவ்வாராய்ச்சியில் ஒரு தனி உரிமையும் உண்டு. அது போகப்போக விளங்கும்.

ஈஸ்ட் பெங்கால் சங்கம் தோன்றியதே ஒரு மனத்தாங்கலில்தான். 1920 ஜூலை 28 அன்று மோகன் பகானுக்கும் ஜோராபாகானுக்கும் நிகழவிருந்த ஆட்டத்தில், ஜோராபாகான் அணியினர் சைலேஷ் போஸ் என்னும் வீரரைச் சேர்க்காது விடுத்தனர். அச்சங்கத்தின் துணைத்தலைவராயிருந்த சுரேஷ் சந்திர சௌதுரி காரணம் கேட்டார். தக்க விடை கிடைக்கவில்லை. கிழக்கு வங்கத்தார் என்பதனாலேயே போஸ் ஒதுக்கப்பட்டார் என்று கருதிய அவர், சங்கத்தை விட்டு வெளியேறினார். அன்பர் சிலரோடு கூடி ஆகஸ்டு முதல் நாளில் புதிய சங்கம் கண்டார். சிவப்பும் பொன்னிறமும் அதன் வண்ணங்களாயின.

கிழக்கிலிருந்து வந்தோரைப் 'பாங்கால்' என்றும் மேற்கு வங்கத்துப் பழங்குடியினரைக் 'கோட்டி' என்றும் சுட்டுவது இந்நகர வழக்கு. கோட்டி என்பது வங்க மொழியில் சிறு செம்பைக் குறிக்கும் சொல். நம் நெல்லைச் சீமையில் அச்சொல்லுக்குப் பித்து என்று பொருள். கால்பந்து நாட்களில் இரு சாராருக்கும் நெல்லைப் பொருளே பெரிதும் பொருந்துகின்றது என்பது நம் எண்ணம்.

இவ்விடத்தில் ஒன்றைக் குறிப்பிடுதல் வேண்டும். 1911 ஜூலை 29 அன்று கிழக்கு யார்க்ஷயர் படையணியை இரண்டுக்கு ஒன்று என்னும் கணக்கில் வென்று ஐ.எஃப்.ஏ. ஷீல்டைக் கைப்பற்றிய மோகன் பகான் வீரர் பதினொருவரைப் பற்றி அறியாதார் இலர். அவருள் பதின்மர் வெறுங்காலோடு ஆடினர். அவ்வணியிற் பலர், தலைவர் ஷிப்தாஸ் பாதுரி உட்பட, கிழக்கு வங்கத்து வேர் உடையவரே. கோட்டிகளின் தனிப்பெருமை என்று பின்னாளில் கொண்டாடப்பட்ட வெற்றியில் பாங்கால்களின் கால்களும் இருந்தன! நினைவு தனக்கு வேண்டியதை வைத்துக்கொண்டு வேண்டாததைக் களைந்துவிடும் என்பதற்கு இது முதற்சான்று.

ஈஸ்ட் பெங்கால் 1925இல் முதற் பிரிவுக்கு உயர்ந்து அவ்வாண்டே மோகன் பகானை ஒரு கோலால் வென்றது. 1930இல் லீக் ஆட்சியாளரின் முடிவொன்றை எதிர்த்து அடியார்கள் தீவட்டி ஏந்தி ஊர்வலம் வந்தனர். அத்தீவட்டியே பின்னர்ச் சங்கத்தின் சின்னமாயிற்று. லீக் பட்டம் முதன்முதலாகக் கிட்டியது 1942இல். ஷீல்டு அடுத்த ஆண்டில், வங்கத்தைப் பெரும்பஞ்சம் சூறையாடிய 1943இல், கிட்டியது. 1946 ஆகஸ்டு 16 அன்று மூண்ட கலவரத்தில் நகரம் குருதியில் நனைந்தது. அவ்வாண்டு ஷீல்டுப் போட்டி நடைபெறவில்லை.

அடுத்த ஆண்டு நாடு பிளவுண்டது. டாக்காவும் பரிசாலும் பரீத்பூரும் அயல்நாட்டு ஊர்களாயின. சியால்தா நிலையத்தின் நடைமேடைகளில் குடும்பம் குடும்பமாக மக்கள் வந்து இறங்கினர். பலர் அந்நடைமேடையிலேயே மாதக்கணக்கில் வாழ்ந்தனர். படையினர் விட்டுச் சென்ற பாசறைகளிலும் சதுப்பு நிலங்களிலும் மூங்கில் தட்டி கட்டிக் குடியேறினர். ஜாதவ்பூர்ப் பகுதியின் விஜயகட் குடியிருப்பு அவ்வாறு எழுந்ததே. 1950இன் தொடக்கத்தில் கிழக்கில் மீண்டும் கலவரம் மூள, வருவோர் தொகை வெள்ளமெனப் பெருகிற்று. 'அகதி' என்னும் சொல் அவர் நெற்றியில் ஒட்டிக்கொண்டது.

இனி, முதியவரின் 'அந்த நாள்' எதுவெனக் காண்போம். அது சரியாக இக்காலமே. 1949இல் ஈஸ்ட் பெங்கால் லீக், ஷீல்டு, ரோவர்ஸ் கோப்பை மூன்றையும் ஒருசேர வென்றது. 1950இல் லீக்கும் ஷீல்டும். 1951இல் ஷீல்டும் டூரண்டு கோப்பையும். ஷீல்டை அடுத்தடுத்து மூன்றாண்டு வென்ற பெருமையும் அதனால் வந்தது. 1952இல் மீண்டும் லீக்கும் டூரண்டும். 1953இல் உருமேனியாவுக்கும் சோவியத் நாட்டுக்கும் சென்று ஆடித் திரும்பியது. குடியிருக்கக் கூரையின்றி, பங்கீட்டு அரிசிக்கு வரிசையில் நின்ற மக்கள், மாலைகளில் மைதானத்துக்கு நடந்தே சென்று தம் அணி வெல்வதைக் கண்டனர். சீட்டு வாங்க வகையற்றோர் மைதானத்துக்கு வெளியேயிருந்த மேட்டில் ஏறி நின்றனர். அட்டையாலும் கண்ணாடியாலும் செய்த பெரிஸ்கோப்புக் குழலைச் சில்லறைக்கு வாடகையாகப் பெற்று, முன்னிற்போர் தலைகளுக்கு மேலாக ஆட்டத்தைப் பார்த்தனர்.

அவ்வெற்றிகளை ஈட்டித் தந்தோர் யாவர்? வலப்புற ஓரத்தில் வெங்கடேஷ். அவருக்கு உள்ளே அப்பாராவ். நடுவில் தனராஜ். இடப்புற உள்ளில் அகமது கான். இடப்புற ஓரத்தில் சாலே. முன்னணி வீரராகிய இவ்வைவரையும் வங்க மக்கள் 'பஞ்ச பாண்டவர்' என்று அன்போடு அழைத்தனர். ஐவருள் ஒருவரும் கிழக்கு வங்கத்தார் அல்லர். மேற்கு வங்கத்தாரும் அல்லர். அனைவரும் தென்னாட்டார். அப்பாராவ் ஆந்திரக் கடற்கரைப் பகுதியினர், சாலே கேரளத்தார், அகமது கான் பெங்களூரில் பிறந்தவர். சங்கத்தின் செயலாளராயிருந்த ஜோதிஷ் சந்திர குஹா நாடெங்கும் தேடிச் சேர்த்த செல்வங்கள் இவை. 1949 முதல் சில ஆண்டுகள் ஐவரும் ஒருங்கே ஆடினர்.

ஊரை இழந்து வந்த மக்கள், தம் இழந்த ஊரின் பெயரையே தாங்கிய ஓர் அணிக்காக உயிரைக் கொடுத்து ஆர்ப்பரித்தனர். அப்பெயரை வாகை சூடச் செய்தவரோ பத்மா நதியைக் கண்ணாலும் கண்டிராதவர். இவர்கள் நம்மவர் அல்லர் என்று அன்று எவரும் முணுமுணுக்கவில்லை. பாண்டவர் என்று பெயரிட்டதே அன்பின் அடையாளம். நாடிழந்து காடு சென்று மீண்டவர் பாண்டவர். நாடிழந்த மக்கள் தம் வீரருக்கு அப்பெயரைச் சூட்டியது தற்செயல் என்று நம்மால் எண்ண முடியவில்லை. பாண்டவருள் ஒருவர் அகமது கானாகவும் ஒருவர் சாலேயாகவும் இருந்தமையும், மதத்தின் பெயரால் விரட்டப்பட்டு வந்தவர்க்கு ஒரு குறையாகத் தோன்றவில்லை. ஐம்பதுகளின் தொடக்கத்தில் பாகிஸ்தானியரான மசூத் பக்ரியும் இவ்வணியில் ஆடினார் என்பதை இதனோடு சேர்த்து எண்ணிப் பார்க்க.

ஆதலின் மண்ணின் மைந்தர் ஆடிய பொற்காலம் என்பது வரலாற்றோடு ஒவ்வாத கூற்று. காசுக்காக ஆடவில்லை என்பதையும் சற்று நிறுத்துத்தான் ஏற்க வேண்டும். அக்காலச் சட்டப்படி வீரர் ஊதியம் பெறலாகாது என்பது மெய்யே. ஆயினும் துறைமுகத்திலும் இரயில்வேயிலும் அலுவலகங்களிலும் வேலை வாங்கித் தருதல் அன்றைய வழக்கம். வயிற்றுக்கு வழி காணாது எவரும் ஆயிரம் மைல் கடந்து வந்து பந்து உதைக்க மாட்டார்.

நினைவு களைந்துவிட்ட மற்றொன்றும் உண்டு. அகமது கானும் தனராஜும் 1948 இலண்டன் ஒலிம்பிக்குக்குச் சென்ற இந்தியக் குழுவில் இடம்பெற்றவர். பெரும்பாலோர் வெறுங்காலோடு ஆடிய அவ்வணி, பிரான்சிடம் இரண்டுக்கு ஒன்று என்றுதான் தோற்றது. இரண்டு பெனால்டி உதைகளை வீணாக்காதிருந்தால் வென்றிருக்கும். இத்தோல்வியை முதியவர்கள் இன்றும் பெருமிதத்தோடு சொல்வர். 1951இல் புதுதில்லியில் ஈரானை வென்று ஆசிய விளையாட்டுத் தங்கம் பெற்றதையும் சொல்வர். ஆனால் 1952இல் ஹெல்சிங்கியில் யூகோஸ்லாவியாவிடம் பத்துக்கு ஒன்று என்று தோற்றதை எவரும் தாமாக எடுத்துரைப்பதில்லை. அந்த ஒரே கோலை அடித்தவர் அகமது கான். பொற்காலமும் அதுவே, பத்து கோல் வாங்கிய காலமும் அதுவே.

இவ்வாறு சொல்வதால் அம்முதியவரை நாம் எள்ளுவதாகக் கொள்ளலாகாது. அவர் பொய்யுரைக்கவில்லை. அவருடைய ஏக்கம் எதைப் பற்றியது என்பதில்தான் அவரே மயங்கியிருக்கின்றார். 1950இல் அவருடைய தந்தைக்கு நகரின் எந்த அலுவலகத்திலும் மதிப்பில்லை. வீட்டுச் சொந்தக்காரர் வாடகைக்கு விட மாட்டார். பேச்சின் ஒலிப்பைக் கேட்டுச் சிறுவர் நகைப்பர். வாரத்தில் ஒரு மாலை, ஒன்றரை மணி நேரம், கிழக்கு வங்கம் என்னும் பெயர் அந்நகரிலேயே தலைசிறந்து நின்றது. அம்மாலையை மறக்க எவரால் இயலும்? பிழைக்க வந்த ஊரில் தாய்மொழிக்கென ஒரு மன்றம் கண்டு, ஆண்டுக்கு ஒருமுறை மேடையேறி நம் ஊர்ப் பெயர்களை உரக்கச் சொல்லி மகிழும் நமக்கு அது விளங்காத உணர்வன்று. நாம் விரும்பி வந்தோம், அவர் விரட்டப்பட்டு வந்தார் என்னும் வேற்றுமை மட்டும் பெரிது.

பின்னாளிலும் வெற்றிகள் வந்தன. 1970 முதல் 1975 வரை தொடர்ந்து ஆறு முறை லீக் பட்டம். 1975 செப்டம்பர் 30 அன்று ஷீல்டு இறுதிப் போட்டியில் மோகன் பகான் மீது ஐந்து கோல். அடுத்த தலைமுறைக்கு இதுவே 'அந்த நாள்'. ஆனால் அத்தலைமுறையின் வெறி வேறு வகையினது. 1980 ஆகஸ்டு 16 அன்று ஈடன் தோட்டத்தில் இவ்விரு அணிகளும் மோதியபோது பார்வையாளரிடையே கைகலப்பு மூண்டு, நெரிசலில் பதினாறு பேர் மாண்டனர். 1946இன் அதே நாள், அதே திங்கள். அன்று வீடு திரும்பாதவரைப் பொற்கால நினைவுகளில் யாரும் கலப்பதில்லை. ஆண்டுதோறும் அந்நாளில் குருதிக்கொடை அளித்துத் தனியே நினைவு கூர்கின்றனர்.

1997 ஜூலை 13 அன்று சால்ட் லேக் அரங்கில் ஒரு இலட்சத்து முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் கூடிப் பாய்ச்சுங் பூட்டியாவின் மூன்று கோல்களைக் கண்டதும், 2003இல் ஜகார்த்தாவில் ஆசியான் சங்கக் கோப்பையை வென்றதும் கடைசியாக வந்த பெருநாட்கள். பிறகு இறக்கம். 2020இல் இந்தியன் சூப்பர் லீகில் சேர்ந்த அணி 2021-22 பருவத்தில் கடைசி இடம் பெற்றது. 2024 ஜனவரியில் சூப்பர் கோப்பையை வென்றபோது, பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் கிட்டிய தேசியக் கோப்பை என்று முதியவர்கள் கண்ணீர் விட்டனர். அயல்நாட்டு வீரர் மிகுந்துவிட்டனர், முதலீட்டாளர் கைக்குச் சங்கம் போய்விட்டது என்னும் குறைகள் முன்னரே எழுந்தவை. முதலீட்டாளரைப் பற்றிய குறையில் நியாயம் உண்டு. அயலார் பற்றிய குறையை ஈஸ்ட் பெங்கால் அடியார் சொல்லும்போது மட்டும் நமக்கு அப்பாராவின் முகம் நினைவுக்கு வந்துவிடுகின்றது.

ஐவருள் அகமது கான் தொண்ணூறு வயது வரை வாழ்ந்து 2017இல் மறைந்தார். ஈராண்டுகளுக்குப் பின், சங்கத்தின் நூற்றாண்டுத் தொடக்க விழாவுக்காக மஜீத் பிஷ்கர் என்னும் ஈரானியர் கொல்கத்தாவுக்கு வந்து இறங்கினார். 1980இல், பழைய வீரர் பலர் கூட்டமாக வெளியேறிவிட்ட வேளையில், அலிகாரில் பயின்றுகொண்டிருந்த நிலையிலிருந்து வந்து ஈஸ்ட் பெங்காலைத் தாங்கிப் பிடித்தவர் அவர். அவ்வணிக்கு ஆடியது இரண்டே ஆண்டுகள். பின்னர் தாயகம் திரும்பி முப்பதாண்டுகளுக்கும் மேலாயின. நள்ளிரவு கடந்தும் விமான நிலையத்தில் சிவப்பும் பொன்னிறமுமான கொடிகளோடு மக்கள் காத்து நின்றனர். காவலரால் வழி ஒதுக்க இயலவில்லை. நரைத்த தலையோடு வெளியே வந்த அம்மனிதர் கூட்டத்தைக் கண்டு திகைத்து நின்றார். அவர் பெயரைச் சொல்லி முழங்கியவரிற் பலர் அவர் ஆடிய நாளில் பிறந்திருக்கவில்லை.