தேயிலைப் பொட்டலத்தின் முகம்

பண்டாரவளையை அடுத்த அப்புத்தளையிலிருந்து மலையேறும் பாதையில் தம்பேதன்னைத் தோட்டம் இருக்கிறது. கிளாஸ்கோ நகரத்து மளிகை வணிகர் தோமஸ் லிப்டன் 1890ஆம் ஆண்டு இலங்கைக்கு வந்து, கோப்பி அழிந்து விலை சரிந்திருந்த காலத்தில் வாங்கிய தோட்டங்களுள் அதுவும் ஒன்று. இந்நாட்டில் தேயிலையை முதலில் பயிரிட்டவர் அவரல்லர். ஆனால் அதற்கு ஒரு முகத்தை ஆக்கியோருள் அவரே முதன்மையானவர்.

அந்நாளில் பிரித்தானியத் தொழிலாளி வாங்கிய தேயிலை பெரும்பாலும் பெட்டியிலிருந்து அள்ளி நிறுத்துக் கொடுத்த சரக்கு. நிறையும் தரமும் கடைக்காரனின் மனச்சாட்சியைப் பொறுத்தவை. ஹோர்னிமன் முன்பே தொடங்கிவைத்த பொட்டல முறையை லிப்டன் பெருந்திரளான மக்களிடம் கொண்டு சென்றார். ஓர் இறாத்தல், அரை இறாத்தல், கால் இறாத்தல் என்று அளவு வேறுபட்டாலும் பெயரும் வாசகமும் மாறவில்லை: 'தோட்டத்திலிருந்து நேரே தேநீர்க் கெண்டிக்கு!' பின்னர் மஞ்சள் நிறமும் நிலைபெற்றது. எழுத்தறியாதவரும் நிறத்தைக் கண்டு வாங்கலாம். விலை குறைந்தது, நிறை சரியாயிற்று. ஏழைக் குடும்பங்களுக்கு இது நன்மையே என்பதை மறுப்பது நேர்மையாகாது.

எனினும் மாறாதது உறை மட்டுமே. லிப்டனின் சொந்தத் தோட்டங்களின் விளைச்சல் அவர் விற்ற தேயிலையில் ஒரு சிறு பங்குதான். எஞ்சியது சந்தையில் வாங்கிக் கலந்தது. அக்கலவையும் ஊரூரின் தண்ணீருக்கேற்ப மாற்றப்பட்டது. பல மலைகளின் இலைகளை ஒரே தோட்டமாகக் காட்டும் வேலையை அச்சுப்படம் செய்தது.

அப்படத்தில் கூடை சுமந்த தமிழ்ப் பெண் நின்றாள். 1890களின் விளம்பரங்களில் தோன்றியவள், 1926 முதல் 1933 வரை இயங்கிய பேரரசுச் சந்தைப்படுத்தல் சபையின் சுவரொட்டிகளிலும் கொழுந்து பறித்தாள். இன்றும் எத்தனையோ நிறுவனங்களின் பொட்டலங்களில் அவள் புன்னகை செய்கிறாள். நிறுவனத்துக்குப் பெயருண்டு, அவளுக்கில்லை.

1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம், இம்மண்ணில் பிறந்தவரிடமும் தந்தை, அல்லது பாட்டனும் பூட்டனும், இங்கு பிறந்ததற்குச் சான்று கேட்டது. லயத்தில் பிறந்த பாட்டனுக்குப் பத்திரம் எங்கே? 1964ஆம் ஆண்டு ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் ஒதுக்கியது. 1,50,000 பேரின் கதி பின்னர் பேசுவதற்கென விடப்பட்டது. நாடற்று எஞ்சியோருக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டமே வழி திறந்தது. அத்தனை ஆண்டுகளிலும் படத்திலிருந்து மட்டும் அவளை எவரும் நாடுகடத்தவில்லை.

1972இல் நாட்டின் பெயர் மாறியது. பொட்டலத்தில் 'சிலோன்' என்னும் பெயர் நிலைத்தது. வணிகருக்கு அது முதலீடு அல்லவா? 1976இல் தோன்றிய தேயிலைச் சபையின் சிங்க இலச்சினையைப் பொறிக்க வேண்டுமாயின், உள்ளிருப்பது முழுவதும் இலங்கைத் தேயிலையாக இருக்க வேண்டும். இலங்கையிலேயே பொதியப்பட்டிருக்கவும் வேண்டும். பிறப்பிடத்தின் பெருமை இலைக்கு இவ்வளவு எளிதாக வாய்த்தது!

பொட்டலத்தின் அடியில் நிறுவனத்தின் முழு முகவரியும் உண்டு. லய வீடுகளுக்குத் தனி முகவரியின்றி, கடிதங்கள் தோட்ட அலுவலகத்துக்கே வந்துசேரும் வழக்கம் பல தோட்டங்களில் இன்னும் நீங்கவில்லை. படிவங்களில் நம் மாணவர் எழுதுவது தோட்டத்தின் பெயரும் பிரிவும்தான்.