கூடலூரிலிருந்து கிரீன் பார்க்குக்கு

லண்டனில் குப்பை சிற்பமாவது புதிதல்ல. 1980களில் இங்கே உருவான மியூட்டாய்டு வேஸ்ட் கம்பெனி என்ற கலைஞர் கூட்டம், ஓடி முடித்த கார்களை வெட்டி ஒட்டி விசித்திர உருவங்களாக்கியது. 1987இல் கிளாஸ்டன்பரி விழாவில் ஸ்டோன்ஹெஞ்ச் கற்களைப் போலக் கார்களை நட்டுவைத்தார்கள். 2012 லண்டன் பாராலிம்பிக் நிறைவு விழாவில் வலம் வந்த விநோத வண்டிகளிலும் அவர்களுடைய கைவேலை இருந்தது. நகரம் எறிந்ததை நகரத்துக்கே திருப்பிக் காட்டினார்கள்.

ஆனால் இந்த நகரத்துக்குத் திரும்பி வந்த பொருட்களிலேயே என்னை அதிகம் யோசிக்க வைத்தது இரும்பு அல்ல, ஒரு செடி. 2021 கோடையில் கிரீன் பார்க்கிலும் செயின்ட் ஜேம்ஸ் பார்க்கிலும் யானைக் கூட்டம் ஒன்று நின்றது. எல்லாம் நிஜ யானை அளவு. இரும்புச் சட்டத்தின் மேல் உண்ணிச்செடித் தண்டுகளை வளைத்துக் கட்டியவை. கட்டியவர்கள் தமிழ்நாட்டில் நீலகிரி மாவட்டத்துக் கூடலூர்ப் பகுதியின் ஆதிவாசிகள்: பணியர், பெட்டக்குறும்பர், காட்டுநாயக்கர் முதலியோர்.

உண்ணிச்செடியை நீங்கள் பார்த்திருக்கலாம். ஒரே கொத்தில் மஞ்சளும் இளஞ்சிவப்புமாகச் சின்னப் பூக்கள். வெப்பமண்டல அமெரிக்காவின் செடி. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அழகுக்காக, ஆங்கிலேயர் கல்கத்தா தாவரவியல் தோட்டத்துக்குக் கொண்டுவந்தார்கள். பறவைகள் பழத்தைத் தின்று விதையைப் பரப்பின. செடி காட்டுக்குள் புதராக மண்டியது. அதன் அடியில் புல் வளர்வதில்லை. இலை நஞ்சு, மாடுகூடத் தின்னாது. மேய்ச்சல் குறைந்த யானை வேறெங்கே போகும்? வயலுக்கும் வீட்டுப் பக்கமும்தான். (இலங்கையில் உடவளவை யானைகளின் புல்வெளிகளையும் இதே செடிதான் விழுங்குகிறது.)

அந்தப் புதரை வெட்டி, தண்டுகளை வேகவைத்து, பட்டை உரித்து, சூடு ஆறுமுன் வளைக்கிறார்கள். ஒவ்வொரு சிற்பமும் அவர்கள் ஊர்ப் பக்கம் நடமாடும் ஓர் உண்மையான யானையின் சாயல். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். பயிரை மிதிக்கும், சில நேரம் ஆளையே கொல்லும் விலங்கை இவ்வளவு நெருக்கமாகக் கவனித்திருக்கிறார்கள்.

கண்காட்சியை நடத்திய எலிஃபன்ட் ஃபாமிலி அறக்கட்டளையைத் தொடங்கிய மார்க் ஷாண்ட், இன்றைய அரசி கமிலாவின் தம்பி. பூங்காக்களோ பக்கிங்ஹாம் அரண்மனைக்குப் பக்கத்திலேயே. ஆங்கிலேயர் அழகுக்காக நட்ட செடி, இருநூறு வருடம் கழித்து அவர்கள் அரண்மனை வாசலில் யானையாக வந்து நின்றது. எந்தப் பாடப்புத்தகமும் பேரரசின் கதையை எனக்கு இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

சிற்பங்களை விற்ற பணம் மனிதரும் விலங்கும் சேர்ந்து வாழ உதவும் வேலைகளுக்குப் போகிறது. 2024இல் இன்னொரு கூட்டம் அமெரிக்காவுக்குப் போய், நியூயார்க் தெருவிலும் நின்றது. கூடலூரில் வெட்டு தொடர்கிறது. வேரோடு பிடுங்காவிட்டால் உண்ணி மறுபடியும் துளிர்த்துவிடும்.