சீட்டு சொன்னால் குடிக்கவேணும்

நடுவில் ஒரு கோப்பை. அதைச் சுற்றி ஒரு கட்டுக் காட்ஸ், முகம் தெரியாமல் வட்டமாகக் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும். ஒவ்வொருவராக ஒரு சீட்டை எடுக்க வேண்டும். எந்த எண்ணுக்கு என்ன கட்டளை என்பது கூட்டத்துக்குக் கூட்டம் மாறும். இரண்டு வந்தால் ஒருவரைக் கைகாட்டு, அவர் குடிக்கட்டும். மூன்று வந்தால் நீயே குடி. ராசா வந்தால் உன்னுடைய கிளாசில் இருப்பதில் கொஞ்சத்தை நடுக்கோப்பைக்குள் ஊற்று. நாலாவது ராசாவை எடுக்கிற ஆள் அந்த நடுக்கோப்பை முழுவதையும் குடிக்க வேண்டும். பியர், சாராயம், சோடா எல்லாம் அதற்குள் கலந்து கிடக்கும். 'கிங்ஸ் கப்' என்று இதற்குப் பெயர். வேறு பெயர்களும் உண்டு.

எங்களுக்குள் குடிக்கிற ஆக்களும் இருக்கிறார்கள், தொடாத ஆக்களும் இருக்கிறார்கள். இதைப் பற்றிக் கதைத்தபோது இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்ட விஷயம் ஒன்றுதான். "மச்சான், ஒண்டு அடி" என்று நண்பன் நீட்டினால் "வேண்டாமடா" என்று சொல்லலாம். சண்டை பிடிக்கலாம், கோவிக்கலாம். சீட்டு சொன்னால் யாரோடு சண்டை பிடிக்கிறது? 304 அடிக்கும்போதும் பக்கத்தில் கிளாஸ் இருக்கத்தான் செய்யும். ஆனால் அங்கே சீட்டு எவரையும் குடி என்று சொல்வதில்லை. குடிப்பதும் விடுவதும் அவரவர் பாடு.

அப்ப, குடி என்று கட்டளையிடுகிற அதிகாரம் ஒரு துண்டுக் கடதாசிக்கு எப்படி வந்தது? இதைத் தேடினால் சீனாவுக்குத்தான் போக வேண்டியிருக்கிறது. இந்த விளையாட்டின் எழுத்துச் சான்றும், மண்ணுக்குள் இருந்து எடுத்த பொருட்களும் அங்கே நிறையக் கிடைக்கின்றன.

1968இல் ஹபெய் மாகாணத்தின் மான்செங் என்ற இடத்தில் இரண்டு கல்லறைகளைத் திறந்தார்கள். ஹான் அரச வம்சத்து இளவரசன் லியூ ஷெங், அவனுடைய மனைவி தோவ் வான் ஆகியோருடையவை. லியூ ஷெங் இறந்தது கி.மு. 113இல். மதுவிலும் பெண்களிலும் பிரியமான ஆள், பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமாக 120 பேருக்கு மேல் என்று வரலாற்றாசிரியர் சீமா சியென் எழுதி வைத்திருக்கிறார். மனைவியின் கல்லறைக்குள் வெண்கலப் பகடை ஒன்று இருந்தது. அதற்கு 18 முகங்கள். 16 முகங்களில் எண்கள், மிச்ச இரண்டில் சொற்கள். அதில் ஒன்றுக்கு 'மது வரட்டும்' என்று பொருள். கூடவே 40 வெண்கலக் காசுகள். ஒரு பாதியில் வரிசை எண்கள், மற்றப் பாதியில் சின்னச் சின்ன வாசகங்கள். எழும்பி மது பரிமாறு, குடித்துப் பாடு, தனியக் குடி என்கிற மாதிரியான கட்டளைகள் அவற்றுக்குள் உண்டு. கடதாசிச் சீட்டு வருவதற்குப் பல நூற்றாண்டு முந்தியே அதன் வேலையைக் காசு செய்திருக்கிறது.

ஆனால் அந்தக் காலத்தில் முக்கிய அதிகாரி மனிதன்தான். விருந்தில் மதுவை மேற்பார்வை செய்ய ஒரு ஆளை நியமிப்பார்கள். சீனாவின் மிகப் பழைய பாடல் தொகுப்பில் இருக்கிற ஒரு விருந்துப் பாடல் இந்த வழக்கத்தைச் சொல்கிறது. ஒரு கண்காணிப்பாளர், அவருக்குத் துணையாகக் குறிப்பெழுதுகிற ஒருவர். வெறி ஏறி ஆக்கள் நிலை தடுமாறாமல் பார்ப்பதுதான் இவர்களுடைய வேலை என்று உரைகாரர்கள் விளக்குகிறார்கள். அதே பாடலில் இன்னொரு முறைப்பாடும் வருகிறது: வெறித்தவன் கூத்தாடுகிறான், வெறிக்காதவன்தான் வெட்கப்பட வேண்டியிருக்கிறது என்று. 2,500 வருடத்துக்கும் முந்திய பாடல் அது. குடிக்காமல் கூட்டத்தில் இருந்து பார்த்த ஆக்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

கண்காணிப்பாளர் அளவு பார்க்கிற ஆளாக மட்டும் இருந்துவிடவில்லை. சீமா சியென் எழுதியிருக்கிற ஒரு சம்பவத்தைப் பாருங்கள். ஹான் அரசை நிறுவிய லியூ பாங் இறந்த பிறகு அவருடைய மனைவி பேரரசி லூவின் கையில் ஆட்சி. பதவிகளெல்லாம் லூ குடும்பத்துக்குப் போகின்றன. லியூ பாங்கின் பேரன் லியூ சாங்குக்கு 20 வயது, உள்ளுக்குள் கொதித்துக்கொண்டிருக்கிறான். ஒரு விருந்தில் பேரரசி அவனை மதுக் கண்காணிப்பாளனாக நியமிக்கிறாள். நான் படைவீரர் வழியில் வந்தவன், இராணுவச் சட்டப்படி இதை நடத்த அனுமதி வேண்டும் என்று கேட்கிறான். அவளும் சம்மதிக்கிறாள். கொஞ்ச நேரத்தில் லூ குடும்பத்து ஆள் ஒருவன் வெறி கூடி மெல்ல வெளியே நழுவுகிறான். லியூ சாங் துரத்திப் போய் வாளை உருவி அவனுடைய தலையை வெட்டிவிட்டுத் திரும்பி வருகிறான். ஒருவன் மதுவை விட்டு ஓடினான், சட்டப்படி வெட்டினேன் என்று அறிக்கை கொடுக்கிறான். சபை உறைந்து போகிறது. அனுமதி கொடுத்தது பேரரசிதான் என்பதால் அவனைத் தண்டிக்கவும் முடியவில்லை. கி.மு. 180இல் அவள் இறந்ததும் லூ குடும்பத்தையே அழித்தார்கள். முன்னுக்கு நின்றவர்களில் இந்த லியூ சாங்கும் ஒருவன்.

விளையாட்டு விதிதானே என்று விட்ட இடத்துக்குள்ளால் ஒரு அரசியல் கொலை நடந்து முடிந்திருக்கிறது. செத்தவன் செய்த குற்றம், இதற்கு மேல் ஏலாது என்று எழும்பிப் போனது.

இதற்குப் பக்கத்தில் தாங் காலத்துப் பொருள் ஒன்றை வைத்துப் பார்க்க வேண்டும். 1982இல் ஜியாங்சு மாகாணத்து ஜென்ஜியாங் நகருக்கு அருகே, டிங்மாவ் பாலம் என்ற இடத்தில் ஒரு வெள்ளிப் புதையல் கிடைத்தது. 900க்கும் மேற்பட்ட பொருட்கள். அவற்றுக்குள் ஒரு ஆமை. வெள்ளியில் செய்து பொன்முலாம் பூசியது. அதன் முதுகில் மெழுகுதிரி மாதிரி ஒரு உருளை நிற்கிறது. எல்லாம் சேர்த்து ஒரு அடியை விடக் கொஞ்சம் உயரம். உருளைக்குள் 50 வெள்ளிக் குச்சிகள். ஒவ்வொரு குச்சியிலும் மேலே கன்பூசியஸின் 'லுன்யூ' நூலில் இருந்து ஒரு வாசகம், அதற்குக் கீழே யார் குடிக்க வேண்டும், எவ்வளவு குடிக்க வேண்டும் என்ற கட்டளை. கோப்பையைப் பத்துப் பங்காகக் கணக்கிட்டிருக்கிறார்கள். ஐந்து பங்கு என்றால் அரைக் கோப்பை. ஏழும் உண்டு, பத்தும் உண்டு.

கற்றதைத் திரும்பத் திரும்பப் பயில்வதன் இன்பத்தைச் சொல்கிற வாசகம் வந்தால், குச்சியை எடுத்தவரே ஐந்து பங்கு குடிக்க வேண்டும். தூரத்தில் இருந்து நண்பர்கள் வருகிற மகிழ்ச்சியைச் சொல்கிற வாசகம் வந்தால் முதன்மை விருந்தாளிக்கு ஐந்து பங்கு. கன்பூசியஸ் மதுவுக்கு அளவு வைக்கவில்லை, ஆனால் நிலை குலையும் வரை போனதுமில்லை என்கிற வாசகம், கூட்டத்திலேயே பெரிய குடிகாரருக்குப் பத்துப் பங்கைக் கொடுக்கிறது. எங்கட ஊர்ப் பெடியள் குறள் வட்டுகளை எடுத்து, அதிகாரத்துக்கு ஒரு பெக் என்று விளையாடினால் தமிழ் வாத்தியார் என்ன பாடுபடுவார்? அந்தப் பகிடிதான் இது. விளையாடியவர்கள் சின்ன வயதிலேயே லுன்யூவை மனப்பாடம் செய்தவர்கள்.

எங்களைக் கூடக் கவர்ந்தது கட்டளைகளின் வகை. குடி, மற்றவரைக் குடிக்கச் சொல், தண்டனையாகக் குடி என்ற மூன்றோடு நாலாவதாக 'விடு' என்று ஒரு வகை இருக்கிறது. அந்தக் குச்சி வந்தால் ஒருவரும் குடிக்கத் தேவையில்லை. யாரோ ஒரு வெள்ளி வேலைக்காரர் செலவழித்து, பொறித்து, விளையாட்டுக்குள்ளேயே அந்த இடைவெளியை வைத்திருக்கிறார். குச்சியைத் தவிர மனித அதிகாரிகளும் இருந்தார்கள். குடிவிருந்து விதிகளைப் பற்றி 9ஆம் நூற்றாண்டில் எழுதிய நூலொன்றின் எஞ்சிய பகுதிகளில் இவர்களைப் பற்றி வருகிறது. ஒரு தலைவர், இரண்டு எழுதுவினைஞர்கள், மூன்றுமே அரசாங்க உத்தியோகப் பெயர்கள். விதியை மீறியவருக்கு முன்னால் எழுதுவினைஞர் ஒரு சின்னக் கொடியை எறிவார். பகலில் கந்தோரில் பார்த்த அதே நிர்வாகத்தை இரவில் வெறியோடு நடித்துப் பார்த்திருக்கிறார்கள்.

கடதாசிச் சீட்டுக்கு வருவோம். மிங் காலத்தில் 'இலைகள்' என்று அதைச் சொன்னார்கள். 15ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த லு ரோங் என்ற அதிகாரி, தன்னுடைய குன்ஷான் ஊரில் படித்த பெரியவர்கள் தொடக்கம் வேலைக்காரப் பொடியன் வரைக்கும் இதை விளையாடுவார்கள் என்று எழுதுகிறார். அங்கே எட்டு வருடம் படித்தும் தனக்கு மட்டும்தான் விளையாடத் தெரியாதாம். (ஒவ்வொரு வகுப்பிலும் இப்படி ஒருவர் இருப்பார்.) சீட்டுகள் காசுக் கணக்கில் இருந்தன. தனிக் காசு, காசுச் சரம், பத்தாயிரம் சரம் என்று மதிப்பு ஏறும். பெரிய மதிப்புச் சீட்டுகளில் சொங் ஜியாங்கும் அவனுடைய கூட்டாளிகளும், அதாவது பேர்போன கொள்ளைக்காரர்கள். சூதாட்டம் கொள்ளையடிப்பதைப் போன்றது என்று எச்சரிக்கத்தான் அவர்களைப் போட்டிருப்பார்கள் என்பது லு ரோங்கின் விளக்கம். விளையாடின ஆக்கள் அந்த எச்சரிக்கையைக் கண்டுகொண்டதாகத் தெரியவில்லை.

அதே கொள்ளைக்காரர்களை 17ஆம் நூற்றாண்டில் ஓவியர் சென் ஹோங்ஷோ திரும்ப வரைந்தார். 40 சீட்டுகள். வறுமைப்பட்ட ஒரு நண்பரின் வீட்டில் எட்டு வயிறுகள், அவர்களுக்கு உதவியாக இருக்கட்டும் என்று நாலு மாதம் இருந்து வரைந்து கொடுத்தார் என்று எழுத்தாளர் ஜாங் தாய் சொல்கிறார். ஜாங் தாயின் கண்ணுக்கு அவர்கள் வீரர்களாகத் தெரிந்தார்கள். 1644இல் மிங் அரசு விழுந்தது. படைகள் தெற்கே வர, 1646இல் சென் ஹோங்ஷோ தலையை மழித்துத் துறவியாக ஒளிந்தார். பிறகு வெளியே வந்து படம் விற்றுச் சீவித்தார்.

1651இல் அவர் இன்னொரு சீட்டுக் கட்டை வரைந்தார். 48 சீட்டுகள், இந்த முறை பழைய வரலாற்று மனிதர்கள். வியாபாரத்தில் பெருஞ்செல்வம் சேர்த்த ஃபான் லி அதில் இருக்கிறார். பதவியை விட்டுவிட்டு வறுமையில் வாழ்ந்த கவிஞர் தாவ் யுவான்மிங்கும் இருக்கிறார். ஒவ்வொரு சீட்டிலும் காசின் அளவு, ஆளின் கதை, யார் குடிக்க வேண்டும் என்ற கட்டளை. காசில் உயர்ந்தவன், காசே இல்லாதவன் என்று ஒரு கட்டுக்குள்ளேயே நாடு முழுவதையும் அடுக்கியிருக்கிறார். கூடவே தன்னைப் பற்றி ஒரு குறிப்பும் எழுதினார். வீட்டில் இருபது பேர். உடம்பால் உழைக்க ஏலாது, பிச்சை கேட்டால் மற்றவர்களுக்குப் பாரம். அதனால் இதைச் செதுக்கிப் பிழைக்கிறேன் என்கிறார். தன்னுடைய குடிகார நண்பர்களைக் கூட்டி ஆளுக்கொரு கோப்பை கொடுக்கப் போவதாகவும் சொல்கிறார். கடைசியில், வீழ்ந்த அரசின் மிச்சக் குடிமகனுக்கு வெட்கம் தெரியவில்லை என்று தன்னையே திட்டி முடிக்கிறார். அடுத்த வருடம் இறந்து போனார். ஒரு குடி விளையாட்டுக் கட்டின் முன்னுரையில் இவ்வளவு இருக்கும் என்று நாங்கள் நினைத்திருக்கவில்லை.

இனி ஒரு நாவல். 18ஆம் நூற்றாண்டில் சாவோ சுவேசின் எழுதிய 'சிவப்பு மாளிகைக் கனவு'. இப்படியான விளையாட்டுகளில் ஒவ்வொருவர் மனதுக்குள்ளும் என்ன நடக்கிறது என்பதை இதில் பார்க்கலாம். 40ஆம் அத்தியாயத்தில் பெரிய வீட்டுக் கிழவி ஒரு விருந்து வைக்கிறாள். விளையாட்டை நடத்துகிற பொறுப்பு யுவான்யாங் என்ற பணிப்பெண்ணுக்கு. இந்த நேரத்தில் பெரியவர் சிறியவர் கிடையாது, நான் சொல்வதுதான் சட்டம், போர்க்களக் கட்டளை மாதிரி என்கிறாள் அவள். விலைக்கு வாங்கப்பட்ட குடும்பத்துப் பெண் எசமானிகளுக்கு உத்தரவு போடுகிறாள். வாசிக்கிறபோது சந்தோசமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த அதிகாரம் முதலில் யாரில் விழுகிறது? உதவி கேட்டு வந்த கிராமத்து ஏழைக் கிழவி லியூ பாட்டியில். என்னை வைத்துப் பகிடி பண்ணாதேங்கோ, நான் வீட்டை போறன் என்று அவள் எழும்பப் பார்க்கிறாள். பிடித்து இருத்துகிறார்கள். இன்னும் கதைத்தால் ஒரு சாடி மது தண்டம் என்று யுவான்யாங் வெருட்டுகிறாள். லியூ பாட்டி உள்ளி, முள்ளங்கி, பூசணி என்று தோட்டத்துச் சாமான்களை வைத்தே எதுகை போட, எல்லோரும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். சிரிப்பு முடிந்து அடுத்த அத்தியாயத்தில் அவள் வெறியில் வழி தவறி, அந்த வீட்டு மகனின் கட்டிலில் விழுந்து நித்திரையாகிறாள்.

63ஆம் அத்தியாயத்தில் விளையாட்டு வேறு மாதிரி. மகன் பாவ்யூவின் பிறந்தநாள் இரவு, வாசலைப் பூட்டிவிட்டு எசமானிகளும் பணிப்பெண்களும் ஒன்றாக இருக்கிறார்கள். குடுவைக்குள் தந்தக் குச்சிகள், ஒவ்வொன்றிலும் ஒரு பூவின் படம், ஒரு கவிதை வரி, ஒரு கட்டளை. தான்சுன் எடுத்த குச்சியில் அவளுக்கு நல்ல இடத்தில் மாப்பிள்ளை கிடைக்கும் என்று வருகிறது. வெட்கத்தில் அதை எறிந்துவிட்டுக் குடிக்க மாட்டேன் என்கிறாள். மூன்று நாலு பேர் சேர்ந்து பிடித்துப் பலவந்தமாக வாயில் ஊற்றுகிறார்கள். எல்லோரும் அவளில் அன்பு வைத்தவர்கள்தான்.

பிறகு ஷியாங்யுன் எடுக்கிறாள். அவளுடைய குச்சி அவளை விட்டுவிடுகிறது, பதிலுக்கு இரண்டு பக்கத்திலும் இருப்பவர்கள் ஆளுக்கொரு கோப்பை குடிக்க வேண்டும். ஒரு பக்கத்தில் பாவ்யூ, மற்றப் பக்கத்தில் தாய்யூ, நோயாளிப் பெண். இரண்டு கோப்பையும் நிரம்புகின்றன. பாவ்யூ பாதியைக் குடித்துவிட்டு, ஒருவரும் பார்க்காத நேரத்தில் மிச்சத்தைப் பக்கத்தில் இருந்த பெண்ணிடம் கொடுக்கிறான், அவள் ஒரே மடக்கில் முடிக்கிறாள். தாய்யூ மற்ற ஆக்களோடு கதைத்துக்கொண்டே, தன்னுடைய கோப்பையை வாய் கொப்பளிக்கிற பாத்திரத்துக்குள் முழுதாகக் கவிழ்த்து விடுகிறாள். விளையாட்டு நிற்கவில்லை. குடுவை அடுத்த ஆளிடம் போகிறது.